நயன்தாரா ஆவணப்படம்: வெள்ளவத்தையில் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. மேல்தளத்துப் பொது அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடிப் படம் பார்ப்போம். கதிரைகளை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஒலியைக் கூட்ட வேண்டும். நயன்தாராவின் வாழ்க்கையைச் சொல்லும் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தை அங்கே இரண்டு முறை போட்டோம். முதல் முறை வர முடியாதவர்கள் விடவில்லை. அதன்பிறகு லிஃப்டிலும் மரக்கறிக் கடையிலும் என்னை மறித்துக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் பணம் பற்றிய பதில் கொஞ்சம் நீண்டிருக்கிறது.

நான் இன்னும் பார்க்கவில்லை. என்ன படம் அது?

'நயன்தாரா: பியாண்ட் தி ஃபேரி டேல்' என்பது பெயர். 2024 நவம்பர் 18ஆம் திகதி, நயன்தாராவின் நாற்பதாவது பிறந்தநாளில், நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. டயானா மரியம் குரியன் என்ற மலையாளப் பெண் 2003இல் சினிமாவுக்கு வந்தது, 2005இல் தமிழுக்கு வந்தது, புகழ், அவமானம், இடைவெளி, மீண்டும் வரவு, இயக்குநர் விக்னேஷ் சிவனுடன் காதல், 2022 ஜூன் 9ஆம் திகதி மாமல்லபுரத்தில் கல்யாணம், இரட்டைப் பிள்ளைகள் என்று கதை போகிறது. ஆங்கிலப் பேச்சு நிறைய வரும். நாங்கள் அந்த இடங்களில் நிறுத்தி, வயதானவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தோம்.

இது அவரே தனக்கு எடுத்துக்கொண்ட விளம்பரம்தானே?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்கள் கோபத்தோடுதான் கேட்டார்கள்.

இது அவருடைய சம்மதத்தோடும் ஒத்துழைப்போடும் எடுத்த படம். அவர் வீட்டுக்குள் கமரா போகிறது. அவருடைய தாயார் பேசுகிறார். நாகார்ஜுனா, ராதிகா, தமன்னா, அட்லி என்று அவரோடு வேலை செய்தவர்கள் வந்து நல்லது சொல்கிறார்கள். அவரோடு முரண்பட்ட ஒருவரும் வந்து உட்காரவில்லை. அவருடைய படங்களில் எது சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு விமர்சகர் இல்லை. இதைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடுதான்.

ஆனால் விளம்பரம் என்று சொல்லி மூடிவிட எனக்கு மனமில்லை. இருபது ஆண்டுகளாக இந்தப் பெண்ணைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள். யாரோடு போனார், யாரை விட்டார், ஏன் மெலிந்தார், ஏன் பருத்தார் என்று வார இதழ்களின் கிசுகிசுப் பக்கங்கள் எழுதின. அவர் நேர்காணல் கொடுப்பதே அரிது. படங்களின் விளம்பர நிகழ்ச்சிகளுக்குக்கூட வராதவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் வாய் திறந்தால் தன் பக்கத்தைத்தான் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண் தன் கல்யாணம் முறிந்த கதையைச் சொல்லும்போது நாம் மறு தரப்பையும் அழைத்து வைத்துக்கொண்டா கேட்கிறோம்? சொல்பவர் யார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். இந்தப் படத்தையும் அப்படிப் பாருங்கள் என்பதே என் பதில்.

கல்யாணத்தை ஏன் இவ்வளவு நீட்டியிருக்கிறார்கள்?

எனக்கும் நீளமாகத்தான் பட்டது. உடை தைப்பது, மேடை அமைப்பது, விருந்தினர் வருவது என்று போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் அறையில் அப்போது இரண்டு வகையான சத்தம் கேட்டது.

இளையவர்கள் அந்தச் சிவப்புச் சேலையைப் பற்றியே பேசினார்கள். ஹொய்சாளக் கோயில் சிற்பங்களைப் பார்த்து அதில் வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். தையல் தெரிந்தவர்கள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள், நிறுத்தினோம்.

மற்றவர்களுக்கு அந்தத் திகதி வேறு எதையோ கிளறிவிட்டது. 2022 ஜூன் என்றால் கொழும்பில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா இல்லாத கடைகள். அந்தக் கல்யாணப் படங்கள் கைபேசிக்கு வந்தபோது நான் வெற்றுச் சிலிண்டரில் கை வைத்தபடி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கைபேசியை என் பக்கம் திருப்பி, "எவ்வளவு வடிவாக இருக்கிறார், பாருங்கள்" என்றார். பொறாமையாகச் சொல்லவில்லை. அந்த வெயிலில் எங்களுக்கு அன்று கிடைத்த ஒரே அழகான காட்சி அது. ஆகவே அந்தக் கல்யாணத்தை ஆடம்பரம் என்று திட்டுபவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, திட்டுவதில் சேர்ந்துகொள்வதும் இல்லை.

மூன்றாவதாக ஒரு குரலும் வந்தது. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த அன்ரி ஒருவர், மாலை மாற்றும் காட்சியில், "எனக்குக் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை" என்றார். 1981இல் பம்பலப்பிட்டியில் கல்யாணம். ஆல்பம் அலுமாரியில் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபோது அலுமாரியும் போனது. அவர் அதைச் சொன்ன விதத்தில் முறைப்பாடு இல்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "படத்தைப் போடுங்கள் பிள்ளை" என்றார்.

எந்த இடத்தில் எல்லோரும் பேசாமல் போனார்கள்?

அவர் நடிப்பை விட்ட இடத்தில்.

ஒரு காதல் உறவின்போது, இனி வேலை செய்யக்கூடாது என்று தன்னிடம் சொல்லப்பட்டது என்கிறார். விடுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையே தனக்கு இருக்கவில்லை, அதை எதிர்க்கும் பக்குவமும் அப்போது இருக்கவில்லை என்கிறார். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. 2011இல் வந்த 'ஸ்ரீராமராஜ்யம்' என்ற தெலுங்குப் படத்தில் சீதையாக நடித்தார். அதுவே தன் கடைசிப் படம் என்று நினைத்திருந்தார். படப்பிடிப்பின் கடைசி நாளில் படக்குழுவினர் பூத்தூவி வழியனுப்ப, அவர் உடைந்து அழுதார்.

எங்கள் அறையில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அதில் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை, எண்ண வேண்டியும் இருக்கவில்லை. ஒருவர் வங்கியில் காசாளராக இருந்தவர். கல்யாணப் பேச்சின்போது "வேலையை விட்டுவிடுவாதானே" என்று மாப்பிள்ளை வீட்டார் இவருடைய அப்பாவிடம் கேட்டார்களாம். இவரிடம் கேட்கவில்லை. "அப்பா ஓம் என்று சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்" என்றார். இப்போது அறுபது தாண்டிவிட்டது. காசு எண்ணும் அந்த விரல் வேகம் இன்னும் போகவில்லை. எங்கள் சீட்டுக் காசை அவர்தான் எண்ணுவார், நோட்டுக் கட்டை இடது கையில் மடித்துப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி.

நயன்தாரா திரும்பி வந்தார். 2013இல் அட்லியின் முதல் படமான 'ராஜா ராணி' அவருக்குப் புதிய வாசல் திறந்தது. விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, விட்டதைவிட உயரமாக நின்றார் என்பதுதான் அறையில் இருந்தவர்களைத் தொட்டது என்று நினைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் நடிகையாக ஆசைப்பட்டவர்கள் கிடையாது. திரும்ப ஆசைப்பட்டவர்கள் உண்டு.

உடலைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு என் மகள் அழுதாள். ஏன்?

2005இல் 'கஜினி' வந்தபோது அவருடைய உடலையும் உடையையும் பற்றி மோசமாக எழுதினார்கள். அவ்வளவு மனம் உடைந்து வேறெப்போதும் இருந்ததில்லை என்ற அளவுக்கு அதைப் படத்தில் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றைத் தாண்டவில்லை. உங்கள் மகளின் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்த இடத்தில் எங்களோடு இருந்த தையற்காரி அக்கா சொன்னதை எழுதியே ஆக வேண்டும். முப்பது ஆண்டாகச் சட்டை தைப்பவர். "அளவு நாடாவை இடுப்பில் சுற்றும்போது வயிற்றை உள்ளே இழுக்காத பெண்ணை நான் இன்றுவரை கண்டதில்லை. மூச்சை விடுங்கள், விடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். விட்டால்தான் சட்டை பொருந்தும்." மகளிடம் அழுகைக்குக் காரணம் கேட்காதீர்கள். இன்னொரு முறை அவளோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைப் பாருங்கள்.

மூன்று விநாடிக்குப் பத்துக் கோடியா? யார் பக்கம் நியாயம்?

நடந்தது இதுதான். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் காதலிக்கத் தொடங்கியது 2015இல் வந்த 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பில். அந்தப் படத்தைத் தயாரித்தது தனுஷின் நிறுவனம். அதன் காட்சிகளையும் பாடல்களையும் ஆவணப்படத்தில் பயன்படுத்த, ஆட்சேபனையில்லாச் சான்றிதழுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் கிடைக்கவில்லை என்று நயன்தாரா 2024 நவம்பர் 16ஆம் திகதி பகிரங்கக் கடிதம் எழுதினார். முன்னோட்டத்தில் வந்த ஏறத்தாழ மூன்று விநாடிக் காட்சிக்குப் பத்துக் கோடி இந்திய ரூபாய் கேட்டு அறிவித்தல் வந்ததாக அதில் இருந்தது. அந்தக் காட்சி தங்கள் சொந்தச் சேகரிப்பிலிருந்து எடுத்தது என்பது நயன்தாரா தரப்பின் வாதம். படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தவை தயாரிப்பாளருக்கே உரியவை என்பது மறு தரப்பு. விடயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பார்ப்பவர்கள் இதில் இரண்டு விடயங்களைக் கலந்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நடந்த சம்பவம் எனக்குச் சொந்தம். அந்தச் சம்பவத்தைப் படம்பிடித்த காட்சி, படம்பிடிக்கக் காசு போட்டவருக்குச் சொந்தமாக இருக்கலாம். உங்கள் கல்யாண வீடியோக்காரர் உங்கள் முகத்தைத் தன் கடை விளம்பரத்தில் போட்டபோது சண்டை பிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? அப்போது இந்த வரப்பு எங்கே இருக்கிறது என்று நாம் எல்லோரும் தடுமாறினோம்.

இவ்வளவு தொழில் செய்கிறாரே, அது ஏன் படத்தில் இல்லை?

என் பெரிய ஏமாற்றம் இதுதான்.

நயன்தாரா நடிகை மட்டுமல்ல, முதலாளியும்கூட. கணவரோடு சேர்ந்து ரௌடி பிக்சர்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறார். 2021இல் ரொட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, இந்தியாவின் ஒஸ்கார் பரிந்துரையாகவும் போன 'கூழாங்கல்' அவர்கள் பெயரில் வெளியே போன படம். உதட்டுப் பூச்சு நிறுவனம் ஒன்று, 9ஸ்கின் என்ற சருமப் பராமரிப்புப் பொருட்கள், ஃபெமி9 என்ற சுகாதார அணையாடைகள் என்று வரிசையாக இருக்கின்றன. ஆவணப்படத்தில் இவற்றுக்குக் கிடைத்த இடம் கல்யாண மேடைக்குக் கிடைத்ததில் ஒரு துண்டுகூட இல்லை.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள். அழகுநிலையம், சட்டை தையல், பிறந்தநாள் கேக், வாடகைக்குக் கூறைச் சேலை, வீட்டிலிருந்தே மிளகாய்த்தூள். அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். முதல் காசு யாருடையது? பொருள் தேங்கியபோது என்ன செய்தார்? கணவரோடு சேர்ந்து தொழில் செய்தால் வீட்டுச் சண்டை கணக்கிலும் வருமா? ஒரு கேள்விக்கும் படத்தில் பதில் இல்லை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்த நாட்களில், அழகுநிலையம் நடத்தும் என் வாடிக்கையாளர் ஒருவர் மணப்பெண் அலங்காரத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் முடித்தார். அந்த மாத வரவுப் பக்கத்தில் மூன்றே வரிகள்தான் இருந்தன. அப்படி ஒரு பக்கத்தையாவது நயன்தாரா திறந்து காட்டியிருந்தால் இந்தப் பெண்கள் அவரை இன்னும் நெருக்கமாக உணர்ந்திருப்பார்கள்.

ஒப்பிடுவதற்காகவே, பாடகியாக இருந்து ஆடைத் தொழிலுக்கு வந்த விக்டோரியா பெக்காம் பற்றி 2025 ஒக்டோபரில் வந்த மூன்று பகுதித் தொடரையும் பிறகு போட்டோம். அதுவும் முழுக்க வெளியார் எடுத்த படம் அல்ல. கணவர் டேவிட் பெக்காமின் ஸ்டூடியோ 99 நிறுவனத்துக்கு அதன் தயாரிப்பில் கை இருக்கிறது. ஆனாலும் 2008இல் அவர் தொடங்கிய ஆடை நிறுவனம் பல மில்லியன் பவுண் கடனில் மூழ்கியதை மறைக்கவில்லை. பிறகு பணம் போட வந்தவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், அலுவலகச் செடிகளுக்கு ஆண்டுக்கு 70,000 பவுண், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்கு 15,000 பவுண். அதைக் கேட்டதும் மிளகாய்த்தூள் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "செடிக்கா?" என்றார். அன்றிரவு அவர் எனக்கு அழைத்து, தன்னுடைய பொதி உறைச் செலவை ஒரு முறை தனியாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். உறைக்குப் போகும் காசு அவர் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு.

பிள்ளைகளைக் காட்டியது சரியா?

உயிர், உலக் என்ற இரட்டையர் 2022 ஒக்டோபரில், கல்யாணமாகி நான்கு மாதங்களில், வாடகைத் தாய் மூலம் பிறந்தார்கள். அப்போது தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தியது. இருவரும் 2016 மார்ச்சிலேயே பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள் என்றும், விதிமீறல் இல்லை என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்ல மாட்டேன். பிள்ளை எந்த வழியாக வந்தது என்று ஒரு தாயிடம் கணக்குக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு இல்லை.

பிள்ளைகளின் முகத்தை உலகத்துக்குக் காட்டுவது வேறு விடயம். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் வளரும்வரை அவர்களிடம் சம்மதம் கேட்க முடியாதே.

விக்னேஷ் சிவன் மனைவியின் புகழில் வாழ்கிறார் என்று என் கணவர் சொல்கிறார்.

படத்தில் விக்னேஷ் சிவன் இப்படிப்பட்ட கேலிகளைப் பற்றித் தானே பேசுகிறார். மனைவி தன்னைவிடப் பெரிய நட்சத்திரம் என்பதை அவர் மறைக்கவில்லை, அதனால் குறுகியும் போகவில்லை. உங்கள் கணவரையும் அடுத்த முறை அழைத்து வாருங்கள். ஆண்கள் வரக்கூடாது என்று நாங்கள் சொன்னதே இல்லை. அவர்கள்தான் வருவதில்லை.

அவரை இன்னும் 'லேடி சூப்பர்ஸ்டார்' என்று அழைக்கலாமா?

வேண்டாம் என்று அவரே 2025 மார்ச்சில் கேட்டுக்கொண்டார். நயன்தாரா என்ற பெயரே தன் மனதுக்கு நெருக்கமானது என்றார். அறிவித்தல் பலகையிலிருந்து அந்தப் பட்டத்தை நானும் அழித்துவிட்டேன்.

சின்னப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அரை மணி நேரத்தில் ஓடிவிடுவார்கள். எங்கள் அறையில் ஓடினார்கள்.

ஆல்பம் எரிந்துபோன அன்ரிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

இதைப் பலர் கேட்டதால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். அன்று வந்திருந்த அவருடைய மருமகள் ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். கல்யாணத்துக்கு மட்டக்களப்பிலிருந்து வந்து போன பெரியம்மா ஒருவரின் பெட்டியில் ஒரு படம் இருந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை, மேல் மூலை கிழிந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அன்ரி அதைக் கடித உறை ஒன்றில் வைத்துக் கொண்டுவந்தார். படம் தொடங்குவதற்கு முன் கதிரை கதிரையாகக் கை மாறியது. தையற்காரி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "சட்டைக் கைக்கு லேஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள்" என்றார். "ஓம்," என்றார் அன்ரி, "அதை நான்தான் தைத்தேன்."